தனிக் கல்

பாளையங்கோட்டை டாக்டர்
குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கோதுமை உமக்கு ஆகாது.
ஒரு துளி மாவு கூட."
வெளியே வந்தால்
எதிர்க்கடையில் அல்வா கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வருச வயிற்றுப்போக்குக்கு
இப்படி ஒரு பெயர் இருக்குமென்று
காற்றாலை ஏணியில் எண்பது மீட்டருக்கு நடுவே
மேலேயா கீழேயா என்று
தொங்கிய நாட்களில் தெரியாது.

பரோட்டா போச்சு. சரி.
ரவை, சேமியா, டீயில் முக்கும் பிஸ்கட், அதுவும் சரி.
சம்பள நாள் பீரில் பார்லி.
விண்ணரசிக்கு அதில் வருத்தமில்லை.
பெருங்காயம் போகுமென்று யார் நினைத்தது?
டப்பாவின் முதுகில்
எறும்பு எழுத்தில் இருந்தது மாவு.
அன்றிலிருந்து அடுத்த வீட்டு ரசமும்
கல்யாண வீட்டு சாம்பாரும்
சந்தேகக் கேஸ்.
விண்ணரசி செல்போன் வெளிச்சத்தில்
கடைக்காரர் கொட்டாவி விடும்வரை வாசிக்கிறாள்.
பதநீருக்கு லேபிள் இல்லை.
சுண்ணாம்பு மட்டும்தான், குடித்தேன்.

பணகுடி விலக்கில் மத்தியானம்.
தூக்குச் சோறும் சுட்ட கருவாடும் முடிந்தபின்
எல்லோரோடும் உட்கார ஆசை.
மாஸ்டர் மாவை வீசுகிறார்.
ஆனிக் காற்று என் பக்கம் திரும்பினால்
எழுந்து மாறி உட்காருவேன்.
காற்று எந்தத் திசை என்று பார்ப்பதுதான்
எனக்குச் சம்பளம் தரும் வேலை.
சாப்பிடும்போதும் அதே வேலை,
சம்பளமில்லாமல்.

"அரிசித் தோசைதானே, தின்னும் வே"
என்பான் வைகுண்டமணி.
தோசை அரிசிதான்.
கல் பரோட்டாக் கல்.
இதை அவனுக்கு விளக்கி முடிக்க
இரண்டு காற்றுக் காலம் ஆனது.

கடைக்காரி தங்கபுஷ்பம் விளக்கம் கேட்கவில்லை.
வள்ளியூர்ச் சந்தையில் சின்னக் கல் ஒன்று வாங்கி
தனி ஆணியில் மாட்டினாள்.
தோசைக்கு அஞ்சு ரூபாய் கூட.
"கல்லுக்கு யாரு குடுப்பா?" என்றாள்.
நியாயம்தான்.
ஆவணியில் ஒருநாள்
அவசரம் என்ற லாரிக்காரனுக்கு
அதில் சப்பாத்தி போட்டுவிட்டாள்.
மூன்று நாள் லீவு எனக்கு.
நான்காம் நாள் கல் தேய்த்த தேய்ப்பில்
வெள்ளிபோல் இருந்தது.
அன்றைக்கு அஞ்சு ரூபாய் கேட்கவில்லை.
மறுநாள் கேட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே இடம்.
பூசை முடிந்து
உடுப்பு மாற்றும் அறையில் போய் நின்றேன்.
"சாமி, நற்கருணை அப்பமும்
கோதுமைதானே?"
அடைக்கலம் சாமியார் என்னைப் பார்த்தார்,
பாவசங்கீர்த்தனத்தில்
புதிதாய் ஒரு பாவம் கேட்டவர் மாதிரி.
அரிசியில் செய்யச் சட்டம் இல்லையாம்.
ஆயருக்கு எழுதி, பதில் வந்து,
கடைசியில் சொன்னார்:
ரசம் மட்டும் வாங்கலாம்.
அப்பத் துணுக்கு விழாத
தனிக் கிண்ணத்தில்.

ஊர் முழுக்க நாக்கு நீட்டி வாங்கும் வரிசையில்
கடைசி ஆளாய் நான்
ஒரு மிடறு குடிக்கிறேன்.
முதல் ஞாயிறு
பெண்கள் பக்கம் ஒரே குசுகுசு:
இவனுக்கு மட்டும் என்ன விசேஷம்.
விண்ணரசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வைகுண்டமணி கேட்டுவிட்டு
ஏணியின் கீழே நின்று கத்தினான்:
"பீர் ஆகாது, ஒயின் ஆகுமோ வே?
நானும் ஞானஸ்நானம் வாங்குதேன்."
மேலே
இறக்கை நின்றிருந்தது.
சிரிப்பில் கொக்கி நழுவி
பிறகு மாட்டினேன்.

எங்கள் செபத்தில் அன்றாடம் கேட்பது
அப்பம் அல்ல, உணவு.
மொழிபெயர்த்தவர் யாரோ.
அவர் வயிறும்
என் வயிறு மாதிரி இருந்திருக்கும்.