மலர்: காணப்படவில்லை

ஆகஸ்டில் பிடுங்கியது.
கொமாக்காஸுக்கு வடக்கே, வெள்ளைக் கற்கள் பரந்த சரிவு,
ஒரு தீப்பெட்டிக்குத்தான் நிழல் போதும்.
குறிப்பேட்டில் ருவான் டெர்பிளான்ஷின் சாய்ந்த எழுத்து:
குட்டைச் சதைப்புதர். உயரம் பதினொரு சென்டிமீட்டர்.
தண்டு பருத்தது, பட்டை தாளாக உரியும்.
இலை சுழல்வரிசை, உருளை, நுனி மழுங்கல்.
பயன்பாடு: இல்லை.
மலர்: காணப்படவில்லை.

கேப் டவுனில், மூன்றாம் மாடியில்,
செடிகளைத் தாளில் ஒட்டுவது பெரில் ஃபோர்ட்டுயினின் வேலை.
பத்தொன்பது வருடப் பசை அவள் ரேகைகளில்.
டிசம்பர், எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்ட வாரம்,
அழுத்துப்பலகையின் வாரை அவிழ்த்தாள்.
செய்தித்தாளில் ஏதோ ஒரு ரக்பி அணி தோற்றிருந்தது.
தோற்றவர்களின் தலைவன் நெற்றிமேல்
செடி பூத்திருந்தது.

இலையெல்லாம் உதிர்ந்து அடிமடிப்பில் கிடந்தன.
மண் இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை;
நான்கு மாதமாக ஒரே பக்கச் செய்தி.
அதற்குள்ளிருந்து
ஐந்து இதழ் ஒட்டிய ஒரு குழல்,
பத்து மகரந்தத் தாள்,
தட்டையாகத்தான் விரிய முடிந்தது,
தட்டையாகவே விரிந்திருந்தது.

இனங்காணும் நூலை எடுத்தாள்.
இலை எதிரெதிர், உதிராதது என்றால் கோட்டிலிடன்.
சுழல்வரிசை, கோடையில் உதிர்வது என்றால் டைலிகோடன்.
ஒரு காலத்தில் இரண்டும் ஒரே குடித்தனம்.
பாகம் பிரித்தவர் புதுப்பெயர் தேடி அலையவில்லை,
பழைய பெயரின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டார்,
தாயக்கட்டை மாதிரி.

வெட்டிப் பார்த்தால் உள்ளே காழ் இல்லை.
வெளியிலும் காழ் இல்லை.
மரமென்று சொல்லவும் புல்லென்று தள்ளவும் வழியில்லை.
போன மழையைக் கட்டி வைத்திருக்கும்
ஒரு முடிச்சு.

அந்தச் சரிவில் மக்ரீட்டா சாலுக்கு நூற்றுப் பதினான்கு ஆடுகள்.
அவளும் பிரித்துத்தான் வைத்திருக்கிறாள்:
தின்றால் பால். தின்றால் ஒன்றுமில்லை. தின்றால் நெண்டா.
நெண்டா கண்ட ஆடு
நான்கு குளம்பையும் ஒரு தட்டில் அடக்குவதுபோலச் சேர்த்து,
முதுகை வில்லாக்கித் தலையைத் தொங்கவிட்டு நிற்கும்,
கூப்பிட்டால் வர நினைக்கும்.
செத்ததை நாய்க்குப் போடக்கூடாது.
நாயும் போகும்.

இதற்குப் பயன் உண்டா என்று ருவான் கேட்டான்.
பயனா, என்று அவள் சிரித்துக்கொண்டே
தடுமாறிய கிடாயைக் கல்லெறிந்து திருப்பினாள்.
அவன் 'இல்லை' என்று எழுதியது பொய்யல்ல.
படிவத்தில் கேடு என்றொரு கட்டம் கிடையாது.

சதைச்செடியைக் கொதிநீரில் முக்கியெடுத்து
அப்புறம்தான் அழுத்த வேண்டும், விதி அதுதான்,
இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.
பெரில் கெட்டிலைப் போட்டாள்.
கொதித்தது. அணைந்தது.
ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டாள்.

பிறகு 'காணப்படவில்லை'யைக் கோடிட்டு அடித்துப்
பென்சிலால் எழுதினாள்:
மலர் உண்டு. டிசம்பர் பத்தொன்பது.
கிடைத்த இடம்: மூன்றாம் மாடி, ஜன்னலோர அலமாரி.
நிறம் என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து,
பச்சை கலந்த மஞ்சள், அச்சுமை படிந்தது.

தண்டு பசைக்கு நிற்கவில்லை.
ஊசியில் வெள்ளை நூல் கோத்துத் தாளோடு சேர்த்துத் தைத்தாள்.
மூன்றாவது தையலில்
ஊசி மறுபக்கம் வந்தபோது முனையில் ஒரு சொட்டு.
பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு
மதிய ரொட்டியைப் பிரித்தாள்.