விளக்கறைக் கணக்கு

மொத்தம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் டெங்கே.
பதினொரு மாத இரவுப்படியிலிருந்து
பிய்த்துப் பிய்த்துச் சேர்த்தது.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்:
பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி.
எழுதி அடித்து, அடித்ததையே மறுபடி எழுதி
தாள் மெலிந்து
அடுத்த பக்கம் தெரிகிறது.

கரகண்டாவில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் எனக்கு வேலை.
ஷிஃப்டுக்கு இருநூற்றுப் பதினாறு பேர் இறங்குவார்கள்.
ஆளுக்கொரு தலைவிளக்கு,
ஆபத்துக்கு ஒரு மூச்சுப்பெட்டி.
பதிலுக்கு என் கொக்கியில் ஒரு பித்தளை வில்லை.
கடைசி வில்லையை வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை
நான் வீட்டுக்குப் போக முடியாது.

முப்பத்துநாலு வயதில் உனக்கெதற்கு கேம்ஸ் என்று
ஜன்னல் வழியே கேட்டான் மெய்ராம்பெக்.
விளக்கை நீட்டினேன்.
அவனுக்குப் பின்னால் வரிசை நீளம்.

சனிக்கிழமை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஏழு படி இறங்கினால் கெர்மன் பாக்கின் கடை.
புதிய கிராஃபிக்ஸ் கார்டு
என் காசை முழுசாய் விழுங்கிவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று கேட்கும்.
"பழசு ஒன்று இருக்கு. பொய் சொல்லமாட்டேன்,
எகிபாஸ்தூஸில் கிரிப்டோ சுரங்கத்தில்
பதினாலு மாசம் ஓடினது."

அதையும் சுரங்கம் என்றுதான் சொல்கிறார்கள்.
கையில் வாங்கி ஊதினேன்.
விசிறி இடுக்கிலிருந்து புழுதி எழும்பி
நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியது.
இந்த முகத்தை எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றைந்து என்றார். எண்பத்தெட்டு என்றேன்.
தும்மினேன். எண்பத்தெட்டுக்கே படிந்தது.

பிறகு பவர் சப்ளை.
ஒன்பதாயிரத்துக்கு ஒன்று காட்டினார்,
எழுநூறு வாட் என்று தங்க எழுத்தில்.
தூக்கிப் பார்த்தேன். காற்றாக இருந்தது.
ஒருமுறை, ஐந்நூறு மீட்டர் ஆழத்தில்,
ஒருவனுக்கு விளக்கு மங்கிவிட்டது.
முன்னால் போனவனின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே
வெளியே வந்தான்.
அன்றைய பேரேட்டில், அந்த வரியில்,
இருப்பது என் கையெழுத்து.

முப்பத்துநாலாயிரத்தின் கனமான பெட்டியை எடுத்தேன்.
பிராசஸர் ஒரு தலைமுறை பின்னால் போனது.
ராம் இரண்டு ஒன்றானது.
கண்ணாடிக் கேபினட் ஏழு நிறத்தில் என்னைப் பார்த்தது.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட சாம்பல் நிறக் கூடு போதும்,
'கணக்குப் பிரிவு 2' என்ற ஸ்டிக்கரோடு.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எதிர்ச்சீட்டுக் குழந்தை
அதன் பட்டனை நாலுதரம் அழுத்திப் பார்த்தது.

விளக்கு முனை துடைக்கும் பிரஷ்ஷால்
கார்டைத் துடைத்தேன், ஆல்கஹால் தொட்டு.
பழைய பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
புதிதாக, மிளகளவு.

பட்டன். ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
எல்லாவற்றையும் கழற்றி, பூட்டி,
காலை மூன்றுக்கு அழுகை வந்து,
அழுதுகொண்டே ராமை அழுத்தினேன். டக்.
இவ்வளவுதானா, சனியனே.

நான் கடல் பார்த்ததில்லை.
இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும்
கடலுக்கு ரயிலில் நாட்கணக்கு.
விளையாட்டில் ஒரு படகு கொடுத்தார்கள்.
செட்டிங்ஸ் எல்லாம் கீழே, நொடிக்கு நாற்பத்தொரு ஃபிரேம்,
அலை கொஞ்சம் கட்டம் கட்டமாக.
நானோ திரை மூலையில் வெப்பநிலையையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
எழுபத்தொன்று. எழுபத்துநாலு.
மூச்சு வாங்குகிறதா?
எழுபத்துநாலிலேயே நின்றது.
அப்புறம்தான் தலை நிமிர்ந்து
தண்ணீரைப் பார்த்தேன்.

திங்கள்கிழமை ஜன்னல் விளிம்பில்
ஒரு மவுஸை வைத்துவிட்டு
வீட்டில் சும்மா கிடந்தது என்றான் மெய்ராம்பெக்.
அவனுக்கு விளக்கு, எனக்கு வில்லை.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
எகிபாஸ்தூஸ் கார்டுக்கு நேரே
'மேலே வந்தது' என்று குறித்தேன்.
அதற்குக் கீழே:
ராம் இன்னொன்று, மார்ச்சில்,
போனஸ் வந்தால்.