ரேகை

அரசூர் வார்ப்படச் சாலைக்கு
நான் போனது பிப்ரவரியில்.
ஒப்பந்தம் பதினோரு நாள்.
கேள்வி ஒற்றை வரி:
'ஏனுங்க மேடம், ஆளு ஏன் நிக்கறதில்ல?'

சென்னியப்பன் கெட்டவரில்லை.
மதியம் அதே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்,
கொள்ளுப் பருப்புக்கு இன்னொரு கை சோறு கேட்டு.
போனஸ் ஒருநாளும் தள்ளிப்போனதில்லை.
ஆனாலும் போன வருடம்
நூற்றுப் பத்தில் அறுபத்து மூன்று பேர்
சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார்கள்.
பக்கத்து ஃபவுண்டரியில் ஐம்பது ரூபாய் கூட என்றார்.
விசாரித்தேன். இருபது குறைவு.

என்னிடம் வினாத்தாள் இருந்தது,
ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.
கோர் ஷாப் திலகமணி எல்லாவற்றுக்கும் மூன்று போட்டாள்.
ஏன் மூன்று?
'நடுவுல இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சனுங்.
நீங்க கேட்டுட்டீங்க.'

ஐந்தாம் நாள் நெரிசலில்லை, சீக்கிரம் போய்விட்டேன்.
ஆறு மணி ஷிப்டின் வரிசை.
கேட்டருகே சுவரில் சின்னக் கறுப்புப் பெட்டி.
ஒடிசாவின் சுதாம் மாஜி கட்டைவிரலை வைத்தான்.
சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தான்.
சிவப்பு.
ஊதி, தலைமுடியில் தேய்த்து,
ஆள்காட்டி விரல்.
அது ஆளைக் காட்டவில்லை.
பின்னால் பதினான்கு பேர்.
எட்டு வருட மணல்
அவன் ரேகைகளை அரைத்து வழித்திருந்தது.
ஆறு ஏழுக்குப் பச்சை.
ஆறு ஐந்தைத் தாண்டினால் அரைமணிக் கூலி போச்சு,
மென்பொருள் அப்படி.

வாட்ச்மேன் அவிநாசியப்பனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு.
பெட்டி மறுத்தவர்களை
தேதியோடு எழுதி வைத்திருந்தார்,
யாரும் சொல்லாமல், மூன்று வருடமாய்.
'என்னைக்காச்சும் ஒருத்தர் கேப்பாங்கன்னுதானுங்.'
போன அறுபத்து மூன்றில்
ஐம்பத்தொரு பெயர் அதில் இருந்தது.

ஓசூரில் வேலை பார்த்தபோது
நானும் ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன்.
எழுபத்திரண்டு பேர். தலைக்கு எட்டு நிமிடம்.
மேசையில் டிஷ்யூப் பெட்டி.
ஒருவர் மட்டும் எழுந்து போகும்போது
நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.
அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு.
நோட்டைப் புரட்டப் புரட்ட
அந்த நாற்காலி இழுபடும் சத்தம்.

அறிக்கை எழுதவில்லை.
மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வரச்சொன்னேன்,
வரிசையில் நில்லுங்கள் என்றேன்.
முன்னால் நின்றவன் விலக,
'அட, நில்லப்பா' என்று நின்றார்.
பெட்டி வாங்கிய அன்று முதல் ரேகை அவருடையதுதான்.
தொட்டதும் பச்சை.
'நல்லாத்தானே வேலை...' என்று திரும்பியவர்
சுதாம் விரலை முடியில் தேய்ப்பதைப் பார்த்தார்.
ஒருதரம். இரண்டுதரம்.
அந்தக் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார்.
இருபது வயதில் அவரும் மோல்டிங்கில் நின்றவர்.
அப்போது அவர் விரல் எப்படி இருந்தது,
நான் கேட்கவில்லை.

பிடித்த கூலியில்
ஒரு வருடத்துக்கு உண்டானது ஏப்ரலில் திரும்பியது.
மீதி இரண்டுக்கு 'பாக்கலாமுங்க' என்றார்.
கோயம்புத்தூரில் அந்தச் சொல்லுக்கு
மூன்று அர்த்தம், மூன்றும் எனக்குத் தெரியும்.
மாதம் ஒருதரம் போன் செய்து
நான்காவது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
இப்போது கேட்டில் நீளமான பதிவேடு.
அவிநாசியப்பன் ஒவ்வொருத்தர் பெயரும் சொல்லி எழுதுகிறார்;
'மாஜி'யை மட்டும் இன்னும் 'மாசி' என்கிறார்.
இந்த வருடம் போனவர்கள் முப்பத்தெட்டு.
ஹோலிக்கு ஊர் போன நால்வரை
வருவார்கள் என்றே வைத்திருக்கிறோம்.

என் பில்லில் ஒரே வரி:
ஆலோசனைக் கட்டணம், பதினோரு நாள்.
நோட்டு எழுதிய மூன்று வருடத்தை
எந்த வரியில் சேர்ப்பதென்று தெரியாமல்
வரிக்குக் கீழே கொஞ்சம்
இடம் விட்டு அனுப்பினேன்.