கொக்கி

ரீகாவில் மார்ச். ஜன்னலில் இன்னும் பனி.
கோட்டு மாட்டும் கொக்கியில்
சலைன் பை.

டாக்டர் லாஸ்மா காகிதத்தில் கோடு இழுத்தாள்,
கீழ்நோக்கி.
வேறு ஊரில் வேறு மெஷின் உண்டு என்றாள்.
விலையைச் சொல்லும்போது மட்டும்
பூனையைப் பார்த்தாள்.

இமாண்ட்ஸ் கணக்குப் போட்டது பணத்தை அல்ல.
பதினேழு வருடம் ருட்ஸி
அவன் காலடி கேட்டு வாசலுக்கு ஓடி வந்தது.
இப்போது அதே காலடி கேட்டு
அலமாரிக்கு அடியில் போகிறது,
ஊசி வருகிறதென்று.

வியாழக்கிழமை வரவில்லை என்று ஃபோனில் சொன்னான்.
ஏன் என்று கேட்பார்களோ என்றிருந்தது.
கேட்கவில்லை.

கொக்கியில் கோட்டை மாட்டினான்.
சமையலறைக் குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்தான்:
சொட்டுச் சொட்டாய் விழுந்தால்தான்
அது குடிக்கும்.
ராத்திரி முழுக்க விழட்டும்.
பில் வரட்டும்.