நாலு புள்ளி மூன்று

அந்தப் பழைய கம்பைலருக்கு 'ஆட்டோ' புரியாது.
புரியாது என்றில்லை,
அந்தச் சொல்லுக்கு அது வேறு அர்த்தம் வைத்திருக்கிறது.
கீழே தண்டையார்பேட்டை ஹை ரோட்டில்
டோல்கேட்டு தேரடி எண்ணூர் எண்ணூர் என்று
ஷேர் ஆட்டோக்கள் ஆள் பிடிக்க,
மாடியில் நான் ஒவ்வொரு ஆட்டோவாய் அழித்து
நீள நீளப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.
வெள்ளிக்கிழமை. ராத்திரி பத்தரை.

யாருக்காக இது என்றான் ரிஸ்வான்.
நாற்பத்தோரு எடைமேடையில் நாம ஓடுறோம்,
நாற்பது மாறியாச்சு.

மீதி ஒன்றைப் போய்ப் பார்த்தேன்.
கன்டெய்னர் லாரிகள் எர்ணாவூர் வரை முட்டி நிற்க
தகர அறைக்குள் கிருபாவதி,
இரவு ஷிப்ட், ஒரு கையில் டீ, ஒரு கையில் சீல்.
மேஜைக்கடியில் இரண்டு செங்கல்மேல் அந்தக் கம்ப்யூட்டர்
(புயலில் தண்ணீர் வந்த வருஷம் ஏற்றி வைத்தது),
மூடி கழற்றி, டேபிள் ஃபேன் அதன் பக்கமாய்.
அவளுக்குக் காற்று இல்லை.
"ஆஃப் பண்ணிடாத மேடம். அப்பால எழுந்துக்காது."

எடை வாங்கும் கார்டைச் செய்த கம்பெனி மூடிவிட்டது.
அது ஒத்துப்போவது நாலு புள்ளி மூன்றோடு மட்டும்.
புதுக் கார்டு ஒன்றே முக்கால் லட்சம்.
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் ஓனர்,
மூன்று வருஷமாக.

திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
வண்டியை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்:
அவர் மிச்சம் பிடித்தது பணமில்லை,
என் வெள்ளிக்கிழமைகள்.
சரி, நிறுத்தினால்?
லாரிக்காரன் ஓனர் வீட்டுக்குப் போய்க் கத்தப் போவதில்லை.
அந்தத் தகரக் கதவைத்தான் தட்டுவான்.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது,
ஐம்பத்தெட்டாவது பெட்டிவரை எண்ணினேன்.

ஓனருக்குக் கடிதம் அடித்தேன்:
ஜூன் முப்பதோடு சரி.
புது வசதி எதுவும் அங்கே வராது.
நிபந்தனை வரிகள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து
டிலீட்மேல் விரலை வைத்துக்கொண்டு
முதலில் அவளுக்குப் போன் போட்டேன்.

பின்னால் ஏர் ஹாரன். ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.
"நிறுத்திக்க மேடம், வேணான்னு சொல்லல.
காலி வண்டிக்குப் பத்து கிலோ தூக்கிக் காட்டுது,
டிரைவருங்க என்னத்தான் திட்றானுங்க.
அத்த மட்டும் பார்த்துக் குட்துட்டு
அப்பால நிறுத்து."

விரலை எடுத்தேன்.
பத்து கிலோ எங்கிருந்து வருகிறது என்று
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.
ரிஸ்வானிடம் இன்னும் சொல்லவில்லை.