இரவல் கேட்சர்

தலையை எண்ணித்தான் எங்களைப் பிரிக்கிறார்கள்.
பெரிய பள்ளிகள் ஆறு-ஏ,
கடைசியில் மிஞ்சுகிறவை ஒன்று-ஏ.
கான்சாஸின் மேற்கு ஓரத்தில்
எங்கள் டன்வில் பள்ளியில் அந்த வருடம் அறுபத்து மூன்று தலை.
அதில் ஒன்று மதியத்துக்கு மேல் வராது.

நான் மார்லா ஸ்டெக்லைன்.
காலையில் மஞ்சள் பேருந்து ஓட்டுவேன்,
பகலில் பால் பெட்டி எண்ணுவேன்,
சாயங்காலம் பென்சில் சீவி
ஸ்கோர் புத்தகத்தோடு உட்காருவேன்.

கோதுமைக் கிடங்கின் காபி மேசையில்
மார்ச் பிறந்தால் அதே வழக்கு:
நம் பையன்கள் கார்வர் ஹைட்ஸோடு ஆடினால்?
வாலஸ் ப்ரோஹாஸ்கா விரலை மடக்குவார்.
"லூரேயை நாம் நாலு ஓட்டத்தில் அடித்தோம்.
லூரே ஹார்கின்ஸிடம் ஒன்றில் தோற்றது.
ஹார்கின்ஸ் கார்வர் ஹைட்ஸிடம்
இரண்டு ஆட்டம், சராசரி ரெண்டரை.
கழித்துப் பார், அரை ஓட்டம் நாம் மேல்."
அந்த அரை ஓட்டத்தை
யார் ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை
அவர்களோடு ஆட வேண்டிய அணி பனியில் மாட்டிக்கொள்ள,
பயிற்சி ஆட்டத்துக்கு வருகிறீர்களா என்று
எங்களுக்குத் தொலைபேசி வந்தது.
மூன்று மணி நேரம் ஓட்டினேன்.

அவர்கள் புல் புல்லே இல்லை.
நாற்பத்தொரு பையன்கள், நாற்பத்தொரு ஒரே மாதிரிப் பைகள்.
நாங்கள் பத்து பேர்.
பதினோராவது ஆள், கேட்சர் கஸ் ட்ரைலிங்,
தலைச்சன் ஈற்றுப் பசுவுக்குள்
தோள்வரை கை விட்டுக்கொண்டிருந்தான்.
பந்தைப் பிடிக்கத் தெரிந்த இன்னொருவன்
தியோ பாரியந்தோஸ்.
எறிய வேண்டியவனும் அவனே.

அவர்கள் பயிற்சியாளர்
பெஞ்சின் கோடியைக் கைகாட்டினார்,
ஏணி இரவல் கொடுப்பதுபோல:
"எங்கள் நாலாவது கேட்சர். எடுத்துக்கொள்ளுங்கள்."

ட்ரென்ட் அலாரிட்.
மூன்று வருடச் சீருடையில் ஒரு புழுதிக் கறை கிடையாது.
கஸ்ஸின் சட்டையை மாட்டிக்கொண்டு
தியோவின் காதில் என்னவோ சொன்னான்.

முதல் பேட்டர், உள்ளே விழுந்த பந்தில் அவுட்.
அடுத்தவன், காலடியில்.
மூன்றாமவன் உயரத்தில் வந்ததை வீசித் தவறவிட்டு
திரும்பி ட்ரென்டைப் பார்த்தான்,
வீட்டுச் சாவியைத் திருடியவனைப் பார்ப்பதுபோல.
மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவனுக்கு
யார் முட்டி எந்தப் பந்தில் மடங்கும் என்பது
மனப்பாடம்.

நாலு இன்னிங்ஸ். மூன்றுக்கு ஒன்று, நாங்கள் மேல்.
என் பென்சில் முனை இரண்டு முறை முறிந்தது.

ஐந்தில் தியோவின் கை தளர்ந்தது.
அவர்களிடம் இரண்டாவது பிட்சர் இருந்தான்,
மூன்றாவது, நாலாவது,
ஒவ்வொருவனும் அப்போதுதான் தூங்கி எழுந்தவன்போல.
எங்களிடம் இருந்தது
ஒன்பதாம் வகுப்பு லேன் வாஸர்மன்,
பாண்டு வாத்தியத்தில் டிராம்போன்.
பதினொன்றுக்கு மூன்று.
ஒன்பது பேருக்கு ஒன்பது பேர்
சரிக்குச் சரி நின்றோம்.
பத்தாவது ஆள் வந்ததும் மலைக்கும் மடுவுக்குமாய் ஆனது.
அவர்களுடைய நாற்பத்தொன்றாவது ஆளோ
எங்கள் பக்கம் குந்தியிருந்தான்.

ஆட்டம் முடிந்து ட்ரென்ட்
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
மூன்று முறை மட்டை பிடித்து இரண்டு அடி,
ஒன்று அவர்களின் முதல் பிட்சரிடம்.
"இது கணக்கில் வருமா?"
"பயிற்சி ஆட்டம், தம்பி. வராது."
கைபேசியை எடுத்து அந்த வரியை மட்டும்
படம் பிடித்துக்கொண்டான்.
எந்த அணியின் பக்கம் அவன் பெயரை எழுதுவது என்று தெரியாமல்
நான் ஓரத்தில் எழுதியிருந்தேன்.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கன்று பிழைத்தது.
கஸ்ஸின் சட்டையைத் துவைத்தபோது
கறுப்பு ரப்பர் துகள் கைப்பிடி உதிர்ந்தது.
திங்கள்கிழமை வாலஸ் கேட்டார்.
சொன்னேன்.
"நாலு இன்னிங்ஸ் வரைக்கும்?" என்றவர்
பதிலுக்குக் காத்திராமல்
சுண்டுவிரலை மடக்கினார்.