மணலைத் திருப்பிக் கொடு

ப்ர்னோவில், எங்கள் ஆய்வகத்தில்,
ஜெலட்டின் கட்டிக்குள் புதைத்த நைலான் இழைகளை
முடி முடியாய்க் காட்டியது இந்தக் கருவி.
கைதட்டினோம். கேக் வெட்டினோம்.
கேக்குக்குள்ளும் இழை இருக்கிறதா என்று
ஒருவன் ஆய்வுமுனையை வைத்துப் பார்த்தான்.

இது மொகோட்லோங்குக்கும் மேலே.
லெசோத்தோவில் ஜூலை என்றால் பனி.
ஜெல் புட்டி கல்லாய்க் கிடக்கிறது.
செவிலி ம்போலொகெங் அதை அக்குளில் இடுக்கியபடி
பதிவேட்டில் பெயர்களை எழுதுகிறார்.
கூரையில் ஒற்றைச் சூரியத் தகடு, அதன்மேல் ஒரு சாண் வெள்ளை.
மின்கலத்தில் இருபத்தொன்பது விழுக்காடு.
வாசலில் ஆறு பெண்கள்,
போர்வைகளுக்குள் குறைந்தது பன்னிரண்டு உயிர்.
வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஐந்துகூட இல்லை.

பழைய கருவிகள் கோடு கோடாய்க் கூப்பிடும்.
ஒரு கோட்டுக்கு ஒரு குரல், பதிலுக்குக் காத்திருப்பு,
அப்புறம் அடுத்த கோடு.
கதவு கதவாய்த் தட்டிப் போகும் தபால்காரன்.
நான் செய்தது வேறு:
ஒரே அலை, தட்டையாய், தெரு முழுக்க.
எல்லா வீடும் ஒன்றாய்க் குரல் கொடுக்கும்.
எது எவர் குரல் என்று பிரிப்பது சில்லின் பாடு.
மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு போதும்.

குரல்கள் மோதும் இடத்தில் மணல் கொட்டும்,
திரை நிறையச் சாம்பல் மணல்.
அதையும் விடவில்லை.
எட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிச் சலித்தேன்.
தேங்கிய நீர்போல் தெளிந்தது.

முதலில் மத்தாபிசோ. எட்டாம் மாதம்.
குதிரைமேல் நான்கு மணி நேரம் வந்தவள்.
திரையில் குழந்தையின் முதுகெலும்பு,
சோளக் கதிரில் மணி வைத்தாற்போல்.
நான் ம்போலொகெங்கின் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.
அவர் முனையைச் சாய்த்தார். அழுத்தினார். திருப்பினார்.
இதயம் இருக்க வேண்டிய இடத்தில்
வழவழப்பாய் ஒரு சாம்பல்.
மத்தாபிசோ திரையைப் பார்க்கவில்லை,
செவிலியின் முகத்தைப் பார்த்தாள்.

ம்போலொகெங் மரக் குழலை எடுத்து வயிற்றில் ஊன்றி
காதைக் கொடுத்தார். உதடு எண்ணியது.
எனக்குள் ஏதோ நின்றுபோயிருந்தது.

"குழந்தை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ரதேக்.
உன் பெட்டிதான் நிற்கிறது."
பிறகு, கொஞ்சம் இரங்கி:
"அழகாய்த்தான் இருக்கிறது, கல்யாண ஆல்பம் மாதிரி.
எனக்கு மணலைத் திருப்பிக் கொடு.
மணல் நடுங்கினால் எனக்குப் புரியும்."

மாவு மூட்டைமேல் மடிக்கணினியை வைத்து
எட்டை இரண்டாக்கினேன்.
அணைத்துப் போட்டதில் நான்கு விழுக்காடு செலவு.
மணல் வந்தது.
மணலுக்கு நடுவே ஒரு கைப்பிடி மணல்
மூடியது, திறந்தது, மூடியது, திறந்தது.
மத்தாபிசோ மூச்சை விட்டாள்;
படம் மொத்தமும் ஒருமுறை ஏறி இறங்கியது.

ஐந்தாவது பெண்ணுக்குப் படம் கலங்கியே வந்தது.
"தடித்த உடல், தெளிவு குறைவு" என்றுதான்
இத்தனை காலம் குறிப்பில் எழுதியிருக்கிறோம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
எல்லா உடலுக்கும் ஒரே வேகம் வைத்திருந்தோம்:
நொடிக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது மீட்டர்.
கொழுப்பில் ஒலி மெல்லத்தான் நடக்கும்.
அவளுக்கு என்ன தெரியும் எங்கள் சராசரி.
எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தேன்.
விலகிக் கிடந்த விளிம்புகள்
ஒன்றையொன்று கண்டுகொண்டன.
அந்தக் குறிப்பு வரியை அடித்தேன்.

ஆறாமவள் படுத்தபோது திரை இருண்டது.
"பழக்கம்தான்" என்று ம்போலொகெங் குழலை எடுத்தவர்
என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார்.

மீயொலியில் பதினோரு ஆண்டு வேலை,
ஒன்றையும் காதால் கேட்டதில்லை.
மரம் குளிர்ந்து காதைச் சுட்டது.
காற்று. குடல். என் சொந்த ரத்தம்.
அப்புறம், வெகு தொலைவில், வேகமாய்—

"எண்ணு" என்றார்.
நாற்பதில் தவறவிட்டேன்.
மறுபடி, ஒன்று.